புதன்கிழமைக்குள் நாற்பத்திரண்டு அத்தியாயம்

பாண்டிச்செல்வி ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஊர் கோவில்பட்டிப் பக்கம். குன்றத்தூரில் வாடகை அறை. கம்பெனி பஸ்ஸில் போகவர ஆகும் நேரத்தில், இரண்டு வருஷமாக, ஒரு கதைத் தளத்தில் கோமதி என்ற பெண்ணைப் பற்றித் தொடர்கதை எழுதிவந்தாள். போனிலிருந்து நேராகத் தளத்திலேயே தட்டுவாள். வேறெங்கும் பிரதி கிடையாது.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து, லாக்கரிலிருந்து போனை எடுத்தபோதுதான் அறிவிப்பைப் பார்த்தாள். புதன்கிழமை மாலை ஆறு மணியோடு தளத்தை மூடுகிறார்களாம். ஒரு மாதத்துக்கு முன்பே மெயில் அனுப்பியிருந்தார்கள். மெயிலை யார் பார்த்தது?

பஸ்ஸில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு அத்தியாயத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து டவுன்லோடு கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை, சிக்னல் இல்லாத ஓரிடத்தில் சும்மா ஒன்றைத் திறந்தாள். முதல் நான்கு வரிதான் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்ததைத் திறந்தாள். அதுவும் அப்படியே.

அன்றைக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. திரும்பும் பஸ்ஸில், திரையைத் தள்ளித் தள்ளிப் படம் பிடித்தாள். ஒரு அத்தியாயத்துக்கு இருபத்தைந்து படம். குன்றத்தூர் வருவதற்குள் ஒன்பது அத்தியாயம்தான் முடிந்தது. மிச்சத்தை அறையில் பார்க்கலாமென்று படுத்தவள், போன் நெஞ்சில் கிடக்க அப்படியே தூங்கிப்போனாள்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை; ஒன்றும் எடுக்க முடியவில்லை. மாலை திரும்பும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் கலைமதி உட்கார்ந்தாள். தண்டலத்தில் பிறந்து குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், கம்பெனியில் இவளோடு அதே லைனில் வேலை.

"இன்னா செல்வி, கண்ணெல்லாம் செவந்து கீது?"

பாண்டிச்செல்வி விஷயத்தைச் சொன்னாள். "இன்னும் முப்பத்திமூணு இருக்குக்கா. இந்த ஒரு டிரிப்புதான்."

"என் போன்லயும் தொற. நான் கடைசிலேர்ந்து எடுத்துகினு வரேன்."

"ரெண்டு பேரு எடுத்தாலும் பாதிதான் தேறும்." பாண்டிச்செல்வி திரையைக் கீழே தள்ளினாள். பத்தாம் அத்தியாயத்தின் அடியில் வாசகர் கமெண்ட்டுகள் கிடந்தன. "அக்கா, கதை வேண்டாம். கீழ இருக்க கமெண்ட்டை மட்டும் எடுங்க."

"கிறுக்கா உனக்கு? கதைய வுட்டுட்டு?"

"கதைய நாந்தான எழுதுனேன். திருப்பி எழுதிக்கிடலாம். இவங்க சொன்னத நான் எப்படி எழுத?"

கலைமதி தன் போனிலும் தளத்தைத் திறந்தாள். அவள் நாற்பத்திரண்டிலிருந்து கீழே இறங்கினாள். இவள் ஒன்றிலிருந்து மேலே ஏறினாள். ஒரு அத்தியாயத்துக்கு மூன்று, நான்கு படம் போதுமாக இருந்தது. இடையில் கலைமதி ஒன்றைச் சத்தமாகப் படித்தாள்: "'புள்ள தூங்கினதும் தான் படிக்கிறேன். கோமதி அந்த வூட்ட வுட்டுப் போவட்டும். திரும்பி வர வேணாம்.' யாருடி இது?"

"தெரியாதுக்கா. வாராவாரம் எழுதுவாங்க. பேரு கூட போட்டதில்ல."

இருபத்தாறாம் அத்தியாயத்தில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். மணி ஐந்து நாற்பது. இறங்குமுன் படங்களை எல்லாம் பாண்டிச்செல்வி மெமரி கார்டில் ஏற்றினாள். கலைமதியின் போனிலும் ஒரு பிரதி வைத்தார்கள்.

"அழிச்சிராதீங்க."

"என் பையன் கேம் ஏத்துறதுக்குத்தான் அழிப்பான். அவன் கையில குடுக்கல, போ."

வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் பார்த்தபோது தளம் திறக்கவில்லை. வெள்ளைத் திரை மட்டும் வந்தது. பாண்டிச்செல்வி ஒருமுறைக்கு இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு விட்டாள்.

"மறுபடி எழுதுவியா?" என்றாள் கலைமதி.

"ஒம்பது கையில இருக்குல்லக்கா. ஞாயித்துக்கிழம ஓவர்டைம் போடலன்னா, பத்தாவதுலருந்து ஆரம்பிக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்தது. ஜன்னல் கம்பியில் துப்பட்டாவை மடித்து வைத்துத் தலையைச் சாய்த்தாள். குன்றத்தூரில் கலைமதிதான் தோளைத் தட்டி எழுப்பினாள்.