மூடிக்கொண்ட நீர்

சியாசி பனிவண்டியை நிறுத்தியபோது, நீர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. ஹட்சன் விரிகுடா முழுக்க உறைந்தாலும், அவர்கள் தீவுக்கு மேற்கே நீரோட்டம் இழுக்கும் அந்த வாய் மட்டும் திறந்தே கிடக்கும். ஈடர் வாத்துகள் குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கும். அடிவரை மூழ்கி, பாறையில் ஒட்டிய சிப்பிகளைப் பிய்த்து, ஓட்டோடு விழுங்கும். இந்த வருடம் காற்று நின்றுபோனது; வாய் மூடிக்கொண்டது.

பின்னால் உட்கார்ந்திருந்த மீனா இறங்கினாள். கறிக்கு வாத்து பிடிக்கலாம் என்று நாத்தனார் சியாசி சொன்னதால் வந்திருந்தாள். யார் எங்கே கூப்பிட்டாலும் போனாள். இலையுதிர் காலத்தில் அவள் கணவன் ஜோயி படகோடு மூழ்கினான். உடல் கிடைக்கவில்லை. அவள் அழவும் இல்லை.

ஒரு பெட்டை வாத்து, இறகு பனியில் ஒட்டிக்கொள்ள, உயிரோடு உட்கார்ந்திருந்தது. சியாசி உளியால் சுற்றிக் கொத்தி எடுத்து, மார்பைத் தடவினாள்.

"கறியே இல்ல அண்ணி. நெஞ்செலும்பு கத்தி மாதிரி இருக்கு. உங்க தண்ணி சூப்ப மட்டுமே குடிச்சவன் கணக்கா."

மீனா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி, வாத்தை வாங்கி அங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.

"தீவு முனைக்குப் போ. அங்க தண்ணி இருக்கும்."

"ஒத்த வாத்துக்கா?"

மீனா வண்டியில் ஏறிக்கொண்டாள்.

முனையில் ஒரு கீற்று நீர் கறுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. மீனா விளிம்பில் மண்டியிட்டு வாத்தை நீரில் விட்டதும் அது தலைகுப்புற மூழ்கியது. வளையங்கள் அடங்கின. மீனா நீரை நோக்கி இன்னும் குனிந்தாள். சியாசி அவளுடைய தோளைப் பிடித்தாள். அப்புறம்தான், தான் எதற்குப் பிடித்தோம் என்று உறைத்தது.

"அண்ணி, போலாம்."

"இரு."

வெகுநேரம் கழித்து, எதிர்விளிம்பில் வாத்து மேலே வந்தது. அலகில் ஒரு சிப்பி. தலையை உதறி உதறி அதை விழுங்கியது.

"ஐயோ, கையெல்லாம் ரத்தம்," என்றாள் சியாசி.

வாத்தின் நகம் கிழித்திருந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல மீனா பார்த்தாள்.

"வலிக்கலையா?"

"இல்ல," என்றாள். பிறகு, "அங்க பனியில இன்னும் ரெண்டு வாத்து கெடந்துச்சு."

சியாசி வண்டியை அந்த இடத்துக்கே திருப்பினாள். வாத்து மறுபடி மூழ்கியிருந்தது. விளிம்புப் பனியில் இரண்டு முழங்கால் பள்ளங்கள். அவற்றுக்கு நடுவே சில சிவப்புத் துளிகள் உறைந்துகொண்டிருந்தன.