ஐம்பத்து நான்கு கிலோ

எங்கள் காரின் எடை ஐந்நூற்று நாற்பது கிலோ. என் கணவர் எட்மோன் யாரிடம் அதைப் பற்றிப் பேசினாலும் முதலில் எடையைத்தான் சொல்வார். நிறமும் வேகமும் அப்புறம்தான். கதவு கிடையாது, கூரை கிடையாது. இரும்புக் குழாய்களால் ஆன சட்டம், அதன்மேல் ஃபைபர் உடல், ஒரு பழைய ஜப்பானியக் காரிலிருந்து கழற்றி வைத்த எஞ்சின், இரண்டு இருக்கைகள். சட்டமும் உடலும் இங்கிலாந்திலிருந்து மூன்று மரப்பெட்டிகளில் வந்தன. மிச்சத்தை அவரே சேர்த்துக் கட்டினார். மூன்று வருடம் ஆயிற்று.

அவர் வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. சைகோனில் உயரமான கட்டடங்கள் பெருகப் பெருக அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்துகொண்டே வந்தன. கிடைத்த ஞாயிறுகளைக் காருக்குக் கொடுத்தார். ஆற்றோரப் பகுதியான தாவோ தியெனில் ஒரு வில்லாவின் பின்புறம் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தோம். பௌர்ணமி ஓதத்தில் அந்தத் தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்துவிடும். அதனால் கார் எப்போதும் செங்கல் அடுக்கின்மேல்தான் நிற்கும்.

நான் காரைக்கால்காரி. 1994இல் கலியாணமாகி இங்கே வந்தேன். எழுபத்தைந்தில் போர் முடிந்த பிறகு, இங்கிருந்த காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களில் பெரும்பாலானவை பிரான்சுக்குப் போய்விட்டன. எட்மோனின் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் போகவில்லை. எட்மோன் அம்மாவிடம் வியட்நாமியமும் அப்பாவிடம் தமிழும் பேசி வளர்ந்தவர். என்னை 'ரோசு' என்று கூப்பிடுவார். முழுப்பெயர் மாரி-ரோஸ். ஒரு பிரெஞ்சுப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன்.

அந்தக் காரைச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. பதிவு செய்ய முடியாத வண்டி. லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மூடிய இடத்தில்தான் ஓட்டலாம். வருடத்துக்கு நான்கு முறை கடலோர ஊரான வுங் டாவில் ஒரு போட்டி நடக்கும். எண்ணெய்க் குழாய்களை அடுக்கிவைக்கும் பெரிய காங்கிரீட் முற்றம் ஒன்று அங்கே உண்டு. அது காலியாக இருக்கும் நாளில் எங்கள் சிறிய கிளப் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நிறுத்தி, வளைந்து வளைந்து போகும் ஒரு தடம் போடும். ஒரு நேரத்தில் ஒரு கார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூம்பு ஒன்று சாய்ந்தால் இரண்டு வினாடி அபராதம். ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம். பக்கத்தில் போட்டியாளர் யாரும் வராததால் அது எனக்குப் பிடித்திருந்தது. நானும் ஓட்டினேன்.

ஒரே நாளில், ஒரே காரில், ஒரே தடத்தில் நான் எப்போதும் எட்மோனைவிட இரண்டு வினாடி பின்தங்குவேன். இடது வளைவுகளில் குறை இல்லை. வலது வளைவில் மட்டும் முன்சக்கரம் சொன்னபடி கேட்காமல் வெளியே வழுக்கும். அதற்குக் காரணம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இவ்வளவு இலேசான காரில் ஓட்டுகிறவரின் எடையும் காரின் ஒரு பாகம். நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு தராசு வைத்து, ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான பாரத்தை வைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கீழும் உள்ள வளையத்தைத் திருகித் திருகிச் சமன் செய்ய வேண்டும். மூலைக்கு மூலை கணக்கு சரியாக வந்தால்தான் கார் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும். எட்மோனின் எடை எண்பத்தொன்று, என் எடை ஐம்பத்து நான்கு. கார் எண்பத்தொன்றுக்கு வைக்கப்பட்டிருந்தது.

தராசுகள் ஏகப்பனுடையவை. ஏகப்பன் செட்டிநாட்டுக்காரர். காலையில் சைகோன் தண்டாயுதபாணி கோயிலில் விளக்குக்கு எண்ணெய் பார்ப்பார், பிறகு தன் மிளகுக் கிடங்குக்குப் போவார். கிடங்கில் நான்கு மேடைத் தராசுகள் இருந்தன. இருக்கையில் வைக்கிற பாரமும் அவருடைய மிளகு மூட்டைதான். அதனால் எங்கள் காரில் பெட்ரோல் வாடையோடு மிளகு வாடையும் நிரந்தரமாக இருந்தது. காரை வுங் டாவுக்கு ஏற்றிப்போவதும் அவருடைய மிளகு லாரி. நாங்கள் இருவரும் படகில் போவோம்.

ஏகப்பனிடம் ஒரு பழக்கம் உண்டு. தைப்பூசத்தன்று கிடங்கில் எல்லாருக்கும் சாப்பாடு போடுவார். இந்து, கத்தோலிக்கர் என்று பார்ப்பதில்லை. சாப்பிடும் முன் ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றுவார், சாப்பிட்ட பின் மறுபடி ஏற்றுவார். இரண்டு எடையையும் சுவரில் சாக்கட்டியால் எழுதுவார். வித்தியாசம் அரைக் கிலோவுக்குக் குறைந்தால் மறுபடி இலையில் உட்கார வேண்டும். அந்தச் சுவரை அவர் அழிப்பதே இல்லை. மாரி-ரோஸ் ஐம்பத்து நான்கு என்று பல வருடம் அங்கே ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கிறது.

ஒருமுறை வுங் டாவிலிருந்து படகில் திரும்பும்போது எட்மோனிடம் கேட்டேன்.

"ஒரு தடவ கார என் எடைக்கு வச்சுத் தாங்களேன். ஒரே ஒரு தடவ."

"ஒனக்கு வச்சா நான் கூம்பையெல்லாம் கொத்திக்கிட்டுப் போவேன், ரோசு."

"கொத்துங்க. இத்தன வருஷம் நான் கொத்தலயா?"

அடுத்த தடவை என்றார். அதை நான் மூன்று நான்கு முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அடுத்த தடவைதான். ஒரு நாள் வேலை அது, வளையங்களைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இன்னொரு நாள். அவருக்கு இருந்ததே சில ஞாயிறுகள். எனக்கு அது புரிந்திருந்தது. கோபமும் இருந்தது.

2017 ஜூலையில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த மார்ச்சில் இறந்தார். இடையில் வியட்நாமியப் புத்தாண்டான தெத் பண்டிகைக்கு முன்பு பத்து நாள் வீட்டுக்கு விட்டார்கள். அதில் ஒரு நாள் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது, ஏகப்பனை வரவழைத்து லாரியில் கொட்டகைக்குப் போயிருக்கிறார். நான் வீடு திரும்பியபோது சட்டையெல்லாம் மிளகு வாடையோடு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். நிற்க முடியாத உடம்போடு எதற்குப் போனீர்கள் என்று திட்டினேன்.

"சும்மா பாத்துட்டு வந்தேன்" என்றார்.

பிறகு ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேசினோம். தண்ணீர் மோட்டாரில் எந்த வயரைத் தொடக்கூடாது என்பது வரை சொன்னார். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு எட்டு மாதம் கார் செங்கல்மேல் நின்றது. கிளப்பில் உள்ள கப்ரியேல் அதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவரும் காரைக்கால் வழி வந்தவர்தான், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஆனால் தமிழில் எண்களும் இரண்டு வசவுகளும் மட்டுமே தெரியும். எங்கள் பேச்சு பிரெஞ்சில் நடக்கும். தொண்ணூற்றிரண்டு கிலோ ஆள், நல்ல மனிதர். போட்டிகளில் எட்மோனுக்கு எப்போதும் ஒரு வினாடி பின்னால் வருவார், அதைப் பற்றி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வாங்கினால் வளையங்களைத் தன் எடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நேர்மையாகச் சொன்னார்.

அதுதான் எனக்கு இடித்தது. எட்மோனின் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். செருப்பையும் கொடுத்தேன். ஆனால் அந்தக் காரின் நான்கு ஸ்பிரிங்குகளிலும் அவருடைய எண்பத்தொரு கிலோ அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது ஸ்பானரை வைத்துத் திருகினால் அது போய்விடும். டிசம்பர் போட்டியில் அவர் வைத்தபடியே ஒருமுறை ஓட்டிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கப்ரியேலிடம் சொன்னேன். அதுவரை யாரையும் காரின் கீழே குனியக்கூட விடவில்லை.

அவர் வைத்தபடி ஓட்ட வேண்டுமானால் அவருடைய எடை இருக்கையில் இருக்க வேண்டும். எண்பத்தொன்றில் ஐம்பத்து நான்கு போனால் இருபத்தேழு. ஏகப்பனின் கிடங்கிலிருந்து இருபத்தைந்து கிலோ மிளகுப் பை ஒன்றும் இரண்டு கிலோ பொட்டலம் ஒன்றும் வாங்கிவந்தேன். இருக்கைக்குப் பின்னால் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினேன். எதற்கென்று கிடங்கு ஆள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த முறை நான் படகில் போகவில்லை. லாரியில் ஏகப்பனோடு போனேன். வழியெல்லாம் மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அது அவர் துக்கம் விசாரிக்கிற விதம்.

முற்றத்தில் காற்று அதிகமாக இருந்தது. கூம்புகளுக்குள் மணல் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பரிசோதகர் பையை அசைத்துப் பார்த்து, கட்டு சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கோட்டில் நின்றபோது முதுகில் அந்தப் பை இடித்தது. கொடி இறங்கியதும் கிளம்பினேன்.

முதல் வளைவு வலது. வழக்கமாக என்னை வெளியே தள்ளும் வளைவு. கார் ஒழுங்காகத் திரும்பியது. அவருடைய எடை வேலை செய்கிறது என்று நினைத்தேன். அடுத்தது இடது. எனக்கு எப்போதும் நன்றாக வரும் பக்கம். முன்சக்கரம் நேராக வழுக்கிக்கொண்டு போய் ஒரு கூம்பைச் சாய்த்தது. அடுத்த இடதில் இன்னொன்று. கடைசி இடதில் வேகத்தைக் குறைத்தும் ஒன்று. மூன்று கூம்பு, ஆறு வினாடி. அத்தனை மோசமாக நான் ஒருபோதும் ஓட்டியதில்லை.

இறங்கி நின்று யோசித்தேன். ஓட்டுகிறவர் எடை குறைந்தால் கார் வலதில் மக்கர் செய்யும். அதை வருடக்கணக்காக அனுபவித்திருக்கிறேன். இடதில் மக்கர் செய்தால் ஓட்டுகிறவர் எடை அதிகம் என்று பொருள். எண்பத்தொன்றுக்கு வைத்த காரில் எண்பத்தொன்று எப்படி அதிகமாகும்?

ஏகப்பன் கையில் இளநீரோடு வந்தார். இருக்கைக்குப் பின்னால் தன்னுடைய பையைப் பார்த்தார். அதில் அவருடைய கிடங்கு முத்திரை இருந்தது.

"என்ன ஆச்சி, வுங் டாவுல மெளகு வியாபாரம் பண்ணப் போறியளா?"

அவருக்குக் கத்தோலிக்கப் பெண்களும் ஆச்சிதான். எட்மோனின் எடையை ஈடுகட்ட வைத்தேன் என்று விளக்கினேன். ஏகப்பன் இளநீரைக் கீழே வைத்தார்.

"அவுக எடைக்கு ஏன் ஈடு கட்டணும்? காரு ஒங்க எடைக்குல்ல இருக்கு."

எனக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"தெத்துக்கு முந்தி நாங்க ரெண்டு பேரும் போனமே, அன்னைக்கு. எங்கிட்ட 'செவுத்துல ரோசு எத்தனை?'ன்னு கேட்டாக. அம்பத்து நாலுன்னேன். அம்பத்து நாலு கிலோ மெளக அளந்து சீட்டுல வச்சோம். அவுக உக்காந்துகிட்டே சொன்னாக, நாந்தான் கீழ படுத்து வளையத்தத் திருக்குனேன். எனக்கு ஸ்பானரு புடிக்கத் தெரியாது. ஒரு நா பூரா ஆச்சு. ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாகன்னு நெனச்சேன்."

"என்ன சொன்னாரு? ஏன் மாத்துறேன்னு சொன்னாரா?"

"'இனிமே அவ ஓட்டட்டும்'னாக. வேற ஒண்ணுஞ் சொல்லல."

காங்கிரீட்டில் மண்டியிட்டு முன்சக்கரத்தின் பின்னால் பார்த்தேன். எட்மோன் வளையங்களில் அடையாளத்துக்கு என் நகப்பூச்சால் புள்ளி வைப்பார். பழைய சிவப்புப் புள்ளி முக்கால் சுற்று தள்ளிப் பின்னால் போயிருந்தது. அதன் இடத்தில் இளஞ்சிவப்பாக வேறொரு புள்ளி. அந்த வருடம் நான் வாங்கி, இரண்டு முறை போட்டு, பிறகு காணாமல் தேடிய புட்டியின் நிறம். நான்கு சக்கரத்திலும் பார்த்தேன். நான்கிலும் இருந்தது.

எட்டு மாதமாக யாரும் தொடாமல் நான் காவல் காத்தது என் சொந்த எடையை. அவருடைய எடையை அவரே எடுத்துவிட்டுப் போயிருந்தார். சொல்லியிருக்கலாம் என்று கோபம் வந்தது. ஆறு வாரம் இருந்தது, தண்ணீர் மோட்டாருக்கு நேரம் இருந்தது. ஒருவேளை முதல் வலது வளைவில் நானே கண்டுபிடித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். நான் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பட்டையை அவிழ்த்துப் பையை ஏகப்பனிடம் கொடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டு லாரிக்குப் போனார்.

இரண்டாவது ஓட்டத்தில் ஒரு கூம்பு போயிற்று. அது காரின் தவறல்ல. வலது வளைவில் வழுக்கும் என்று கை பழக்கத்தில் முன்கூட்டியே திருப்பிவிட்டேன். மூன்றாவதில் கையைச் சும்மா விட்டேன். வலதும் இடதும் ஒரே மாதிரி வந்தன. ஒரு கூம்பும் விழவில்லை. நேரம் கப்ரியேலைவிட அரை வினாடி குறைவு. எட்மோன் அவரைவிட ஒரு வினாடி முன்னால் இருப்பார் என்பதால், நான் எட்மோனைத் தாண்டவில்லை. பரவாயில்லை.

கப்ரியேல் வந்து கைகுலுக்கினார். கார் விற்பனைக்கு இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்து அவர் அதை எதிர்பார்த்தே வந்தது போல் இருந்தது. கடைசியாக ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். தாராளமாக ஓட்டுங்கள், ஆனால் இது என் எடைக்கு வைத்த கார், உங்களுக்குக் கூம்பையெல்லாம் கொத்தும் என்றேன். ஓட்டினார். ஐந்து கூம்பு. இறங்கும்போது தமிழில் அவருக்குத் தெரிந்த இரண்டு வசவுகளில் ஒன்றைச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஏகப்பன் பையை இறக்கக் கிடங்கில் லாரியை நிறுத்தினார். வந்தது வந்தீர்கள், ஏறுங்கள் என்று தராசைக் காட்டினார். தைப்பூசம் இல்லையே என்றேன். ஏறினேன். முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, சுவரில் ஐம்பத்து நான்குகளின் வரிசைக்குக் கீழே ஐம்பத்தொன்று என்று எழுதினார்.

"மூணு கிலோ கொறச்சல், ஆச்சி. ஒண்ணு வளையத்தத் திருக்கணும், இல்லாட்டி சோத்தத் திங்கணும். எதுன்னு சொல்லுங்க, நான் ஸ்பானர எடுக்கணும்."

ஸ்பானர் வேண்டாம் என்றேன். கிடங்கின் பின்னால் சமையல்காரர் அடுப்பை மூடிக்கொண்டிருந்தார். ஏகப்பன் உள்ளே போய் அவரை நிறுத்தச் சொன்னார். இலை இல்லை, தட்டில்தான் போட்டார்கள். சோறும் மிளகுக் குழம்பும். இரண்டாவது முறை போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.