தூசியைச் சூடாக்கியது எது?

எங்கள் வானியல் ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலியானது. போட்டியில் நின்றவர்கள் இரண்டு பேர்: நானும் என் மைத்துனனும். பதினொரு வருஷமாக அங்கே குப்பை கொட்டுகிறவன் நான். அவன் வந்து மூன்றே வருஷம். அதற்குள் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எந்தக் கேலக்ஸியின் நடுவில் கருந்துளை அகோரப் பசியோடு வாயுவை விழுங்குகிறதோ, அங்கேதான் புது நட்சத்திரங்களும் அதிகம் பிறக்கின்றன. இதுதான் அவனுடைய கண்டுபிடிப்பு. நேர்காணலுக்கு முந்தின ஞாயிறு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான்.

"மாமா, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. எங்கயாவது சொதப்பியிருக்கேனான்னு பாருங்க."

முதல் படத்திலேயே பார்த்துவிட்டேன். பிறக்கும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அவை சூடாக்கும் தூசியின் அகச்சிவப்பு ஒளியை அளந்துதான் கணக்குப் போடுவோம். ஆனால் கருந்துளைக்குள் விழப்போகும் வாயுவும் கொதித்துத் தூசியைச் சூடாக்கும். அந்தப் பங்கை இந்த மேதாவி கழிக்கவே இல்லை! கழித்தால் அவனுடைய நட்சத்திரங்களில் பாதி காணாமல் போய்விடும்.

"பிரமாதம்டா," என்றேன். "ஒரு புள்ளியக்கூட மாத்தாத."

என் மனைவி தன் தம்பியின் தலையைக் கோதிவிட்டாள். "மாமாவே சொல்லிட்டாரு. அப்புறம் என்னடா பயம்?"

நேர்காணலில் அவன் பேசிய அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வுக்குழுத் தலைவி மூன்றாவது படத்திலேயே கையைத் தூக்கினார்.

"தூசியச் சூடாக்கினது நட்சத்திரம்தான்னு எப்படிச் சொல்றீங்க? கருந்துளையோட பங்கக் கழிச்சீங்களா?"

அவன் படங்களை முன்னும் பின்னும் தள்ளித் தேடினான். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். தட்டுத்தடுமாறிக் கடைசிப் படத்துக்கு வந்தான். அதில் கொட்டை எழுத்தில் நன்றி: எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்தவர் என்று என் பெயர்!

தலைவி திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களா இத?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அவர்கிட்ட காட்டவே இல்லைங்க. மரியாதைக்குப் பேரப் போட்டேன்."

வேலை எனக்குக் கிடைத்தது. தப்புக் கணக்குப் போட்டவன் என்பதோடு, பொய்யாக ஒருவர் பெயரைப் போட்டவன் என்ற பட்டமும் அவனுக்குச் சேர்ந்தது. அந்த மாதக் கடைசியோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மேசையைக் காலி செய்த அன்று அட்டைப்பெட்டியோடு என் அறை வாசலில் வந்து நின்றான். "மனசுல வெச்சுக்காதீங்க மாமா. நீங்களும் கவனிக்காம விட்டுட்டீங்க, அவ்வளவுதானே. உங்க பேரும் சேர்ந்து கெட வேண்டாம்னுதான் அப்படிச் சொன்னேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கவனிக்காமல் விட்டேனாம்! இந்தப் பொடியன் எனக்குச் சமாதானம் சொல்கிறான்!

"நானா? மொதல் படத்துலயே பார்த்துட்டேன்டா, முட்டாள்!"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். பிறகு குனிந்து அதை மறுபடி தூக்கிக்கொண்டான்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றான். "பாவம், அவ உங்ககூடத்தானே இருந்தாகணும்."