சர்வர் பறித்த வரைபடம்

அலுவலகக் கோப்புகளெல்லாம் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்கிற அண்ணிக்கு மேலாளரிடம்கூடப் பயம் கிடையாது. நாத்தனார் கண்ணைக் கசக்கினால் மட்டும் மனசு இளகிவிடும். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அலுவலகம். பாவம், தப்பிக்க வழியில்லை.

அன்று நாத்தனார் ஓர் ஆஸ்பத்திரியின் வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் அனுப்பினால்தான் வேலை நிரந்தரமாகும். ஆளாளுக்குச் செய்தி அனுப்பித் தொந்தரவு செய்கிறார்கள் என்று நெட்வொர்க் ஒயரையே பிடுங்கிவிட்டு நிம்மதியாக வரைந்தாள். ஆள் இருக்கிறாளா என்று சர்வர் கேட்டுப் பார்த்தது. பதிலில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரைபடத்தைத் திருத்தலாம் என்பதால், அவளிடமிருந்த திருத்தும் அனுமதியை ரத்து செய்து, வரிசையில் காத்திருந்த குழாய் இன்ஜினியருக்குக் கொடுத்துவிட்டது. அவரும் திருத்திச் சேமித்தார்.

ஒயரை மாட்டிச் சேமிக்கப் போனவளிடம் திரை கையை விரித்தது: அனுமதி இல்லை.

மேலாளர் ஓடிவந்தார். "அணைச்சுப் போட்டா சரியாயிடும்." அந்த அலுவலகத்தில் சகல வியாதிக்கும் அதுதான் மருந்து.

அண்ணி அவர் கையைத் தடுத்தாள். "அணைச்சா அவ்வளவுதான் சார். காலையிலேர்ந்து வரைஞ்சது இன்னும் இந்த மெஷினோட நினைவுலதான் இருக்கு."

"அப்ப சர்வர்ல இருக்கிறதுமேலயே என்னோடதை எழுதிடுங்க அண்ணி. உங்களால முடியும்ல?" நாத்தனார் கண்ணைக் கசக்கினாள்.

"முடியும். செய்ய மாட்டேன். நீ இல்லாத நேரத்துல இன்னொருத்தர் உழைச்சிருக்கார்."

நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள் அண்ணி. நாத்தனாரின் வேலையை அந்த மெஷினிலேயே வேறு பெயரில் சேமித்தாள். செத்த அனுமதியைக் கைகழுவிவிட்டு, சர்வரிலிருந்து புதிய பிரதியை எடுத்தாள். இரண்டையும் திரையில் அருகருகே வைத்தாள்.

நாத்தனாரின் முகம் வெளுத்தது. அறுவை சிகிச்சை அறையில் அவள் எடுத்துவிட்ட சுவரில்தான் இன்ஜினியர் ஆக்ஸிஜன் குழாயை ஏற்றியிருந்தார். மேலெழுதியிருந்தால் சுவரோடு குழாயும் போயிருக்கும், ஓர் ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, இப்பவாவது அனுமதியை இவளுக்கே குடு. முடிச்சு அனுப்பட்டும்."

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்துவிட்டாள்.

"வேணாம் சார். அனுமதி அவர்கிட்டயே இருக்கட்டும். சுவர் அங்க இல்லன்னு நான் போய்ச் சொல்றேன், பக்கத்துல உக்காந்து சேர்ந்தே முடிக்கிறோம். மதியம் தாண்டினா தாமதத்தை என் பேர்லயே எழுதிக்குங்க."