முலாம் பூசிய போல்ட்

பெரில் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வேட்டு வெடித்தாற்போல ஒற்றைச் சத்தம், கூடவே தகரம் கிழிபடும் ஓசை. கத்தியும் கையுமாக ஓடினாள். காலையில் வேலை மேசைமேல் அழுத்தி நிறுத்திவிட்டு வந்த ஸ்பிரிங்கைக் காணவில்லை. கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஷ்ராப்ஷைரின் வழக்கமான தூறல் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் அவள் குனிந்து நின்ற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை.

கீழே கிடந்த பாதி போல்ட்டை எடுத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். இழுபட்டு மெலிந்து உடைந்திருந்தால் பாரம் தாங்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது கற்கண்டை உடைத்த மாதிரி மினுமினுவென்று இருந்தது. அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. முலாம் பூசி அவள் செய்த கருவிகள் இரண்டு. இன்னொன்றைத் தம்பி எல்வினிடம் கொடுத்திருந்தாள்.

பழைய ராணுவக் கவச வண்டிகளின் கியர்பெட்டிக்குள் முன்கைப் பருமனில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் பெட்டியைப் பிரிக்க முடியும். வண்டிகளை ஏலத்தில் விற்ற ராணுவம், அந்த வேலைக்கான கருவிகளைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டது. ஆசைப்பட்டு வண்டியை வாங்கிவிட்டு முழித்தவர்கள் எல்லாரும் பெரிலைத் தேடி வந்தார்கள். தொழிற்சாலையின் கருவிப் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். இரண்டு தகடு, நடுவே நீளமாக ஒரு போல்ட், ஒரு நட். பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆள் உயிர் அந்தப் போல்ட்டில்தான் தொங்குகிறது.

முதலில் செய்தது கன்னங்கரேலென்று இருந்தது. "என்னக்கா இது, கரி அள்ளற கரண்டியா?" என்று எல்வின் பழைய வண்டிக் கண்காட்சியில் நாலு பேர் முன்னால் கேட்டுவைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். பெரிலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புதிதாக இரண்டு செய்து, தங்கம்போல மின்னும்படி துத்தநாக முலாம் போட்டுவிட்டாள்.

முலாம் தொட்டியில் கிடக்கும்போது இரும்பு வாயுவைக் குடிக்கும். கெட்டி இரும்பு என்றால் எடுத்த கையோடு அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் வாட்டி, அந்த வாயுவை விரட்ட வேண்டும். விரட்டாவிட்டால் இறுக்கும்போது தாங்கும், கொஞ்ச நேரம் சாதுவாக நிற்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் படீரென்று போகும். பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். பெரிலுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். மறுநாள் விடிந்தால் அடுத்த கண்காட்சி. நாலு பேர் முன்னால் பளபளவென்று எடுத்து வைக்க வேண்டும் என்ற அவசரத்தில் வாட்டாமல் விட்டுவிட்டாள். மினுக்கிக்கொள்ள ஆசைப்பட்ட மூதேவி என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

பெரில் போனில் கூப்பிட்டாள்; எல்வின் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கொட்டகை தோட்டத்தின் கடைசியில். வீட்டு மணி அங்கே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை கியர்பெட்டியில் கை வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை.

வேலிகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றை வழிச் சாலையில் முன்னால் ஒரு டிராக்டர் ஆடி அசைந்து போயிற்று. பின்னால் காரில் பெரில் ஹார்னை அழுத்திக்கொண்டே வந்தாள். டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தானே தவிர ஒதுங்கவில்லை. எல்வினுக்குக் கிட்டப்பார்வை. எந்த வேலையானாலும் மூக்கு அதில் இடிக்கும்படி குனிந்துதான் செய்வான். அந்த மூக்கை நினைத்து அவள் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அம்மா சாகும்போது அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்!

கொட்டகைக் கதவைத் திறந்தபோது எல்வின் உயிரோடு இருந்தான். ஏதாவது தெறித்தால் தடுக்கும் என்று கியர்பெட்டிமேல் பழைய ராணுவக் கம்பளியைப் போர்த்தி, அதன் அருகில் முகத்தை வைத்துக்கொண்டு விளக்கு பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பளிக்கு அடியில் கருவி புடைத்துக்கொண்டு நின்றது. ஸ்பிரிங்கை முழுசாக அழுத்திவிட்டான்.

"எல்வின்," என்றாள் மெதுவாக. கத்தினால் திடுக்கிட்டு எதையாவது இடித்துவிடுவானே என்று பயம். "விளக்கைக் கீழ வெச்சுட்டு இந்தப் பக்கம் வா."

"வாக்கா! சாப்பாட்டு நேரத்துல என்ன இந்தப் பக்கம்? கருகிடுச்சா?"

"பேசாம வாடா."

"இருக்கா, பின்னு பாதி வந்துடுச்சு, இன்னும் ஒரு தட்டு..."

"சுத்தியலைத் தொட்டே, கொன்னுடுவேன்! வாடான்னா வா!"

அவன் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வந்தான். அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கதவுக்கு வெளியே தள்ளினாள். பிறகுதான், கருவியின் போல்ட்டை வாட்டாமல் விட்டதைச் சொன்னாள்.

"வாட்டலையா?" என்றான் எல்வின். "நீயா?"

"நான்தான்."

"நீ செஞ்சது உடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன் நான்."

அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்றாள். எப்போது உடையுமோ தெரியாது, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பந்து தேடி இங்கேதான் வருவார்கள் என்றான் எல்வின். அவன் சொன்னது நியாயம். யாராவது ஒருவர் உள்ளே போய் அதைத் தளர்த்தியாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

கம்பளியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, கியர்பெட்டி இருந்த மேசையின் காலுக்குப் பின்னால் முழங்காலிட்டு, தலையைத் தாழ்த்தியபடி அவள் திருப்பத் தொடங்கினாள். ஒவ்வொரு திருப்புக்கும் நட் கிறீச்சிட்டது. அது நட்டின் சத்தமா, போல்ட் விரியும் சத்தமா? இத்தனை வருடம் கேட்டுப் பழகிய காதுக்கு இப்போது எதுவும் தெரியவில்லை. சிறுநீர் முட்டியது. அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை. கடைசியில் ஸ்பேனர் பாரமில்லாமல் சும்மா சுற்றியது. ஸ்பிரிங் அடங்கிவிட்டது.

பெரில் எழுந்து கம்பளியை இழுத்தாள். உள்ளே இருந்தது கரி அள்ளும் கரண்டி. கேலி செய்த கையோடு எல்வின் வாங்கி வைத்துக்கொண்ட, அவள் செய்த பழைய கறுப்புக் கருவி.

கதவருகே நின்ற எல்வின் பக்கம் திரும்பினாள்.

"புதுசு எங்கடா?"

"நீ எல்லாத்தையும்தான் சொல்றேன்னு நினைச்சேன். அது கண்ணாடி அலமாரியில வைக்கிற மாதிரில்ல இருந்துச்சு, கிரீஸ் பட மனசு வரலை." என்றான் எல்வின். "ஹெக்டர் இரவல் கேட்டாரு. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போனாரு."

ஹெக்டரும் ஒரு கவச வண்டி வைத்திருப்பவர்; தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பூனை குறுக்கே வந்தால் பூனையிடமும் மன்னிப்புக் கேட்கிற மனிதர். இருவரும் வீட்டுக்கு ஓடினார்கள். எல்வின் எண்களைச் சுழற்ற, பெரில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மணியிலேயே ஹெக்டரின் மனைவி மாவிஸ் எடுத்துவிட்டாள். "ஆம்புலன்ஸா? எங்க வந்துட்டு இருக்கீங்க?"

"மாவிஸ், நான் பெரில்."

"ஐயோ, நீங்களா! உங்க வீட்டுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எடுக்கலை. இவரு கையில துண்டைச் சுத்தி வெச்சிருக்கேன் பெரில், விரல் எல்லாம்... ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. இவரு உங்ககிட்ட பேசினாத்தான் ஆச்சுன்னு நிக்கறாரு. இந்தாங்க, பேசுங்க, காதுல வைக்கறேன்."

"பெரில்?" ஹெக்டரின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "கோச்சுக்காதே. உன் கருவியை உடைச்சுட்டேன்."

இந்த வண்டிக்காரர்களிடையே அப்படியொரு வழக்கம். இரவல் வாங்கிய கருவியை உடைத்தவன் உடைத்த அன்றே சொந்தக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு தானே புதிது செய்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சொல்லாதவனுக்கு அடுத்த தடவை யாரும் எதுவும் தர மாட்டார்கள்.

"ஹெக்டர், கேளு. நீ ஒண்ணும்..."

"ஒரு சுத்து அதிகமா இறுக்கிட்டேன் போல. அவசரக்குடுக்கை நான். எவ்வளவு அழகா பண்ணியிருந்தே. வேற செஞ்சு கொடுத்துடறேன் பெரில், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்."

"தப்பு உன்னுது இல்ல ஹெக்டர்! நான்தான்..."

அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம், புதுக் குரல்கள், நாற்காலி நகரும் சத்தம். பெரில் சொன்னது அவர் காதில் விழவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மாவிஸ் வந்தாள். மூச்சிரைத்தது.

"ஏத்திட்டாங்க, நானும் கூடப் போகணும். உங்க பொருளை உடைச்சுட்டமேன்னு அழுதுட்டே போறாரு. பரவாயில்லைன்னு நீங்க சொன்னதா சொல்லட்டுமா?"

எல்வின் பக்கத்தில் நின்று வேண்டாம், இப்போது வேண்டாம் என்று தலையசைத்தான். ரிசீவரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். பெரில் கொடுக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க மாவிஸ். அந்தப் போல்ட்டை நான் வாட்டாம விட்டுட்டேன். வாட்டலைன்னா உடையும்னு எனக்குத் தெரியும். அவரு இறுக்கினதால அது உடையலை."

மாவிஸ் போனை வைக்கவில்லை. வெளியே யாரோ அவளைக் கூப்பிடுவது பெரிலுக்குக் கேட்டது. மேசைக் காலுக்குப் பின்னால் முழங்காலிட்டிருந்தபோது பட்டதுதான் பயம் என்று நினைத்திருந்தாள். அது ஒன்றுமே இல்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாவிஸ் வாயைத் திறக்கும்வரை அப்படியே நின்றாள்.