சூசை மாஸ்டரின் விரல்கள் டோக்கன் வாங்கிய கதை

எங்கள் ஊரில் ஒரே ஒரு கிளினிக். அங்கே வலிக்கிற உறுப்பு மட்டும்தான் டாக்டரைப் பார்க்க உள்ளே போகும். ஆள் வெளியே பெஞ்சில் காத்திருப்பார். டோக்கன் கொடுப்பது நான்.

முழங்கால் பெரும்பாலும் தனியாக வரும். மெஹருன்னிசா டாக்டர் நாலு கேள்வி கேட்டு, மாத்திரையும் பயிற்சியும் சொல்லி அனுப்பிவிடுவார்.

பரோட்டா மாஸ்டர் சூசைக்கு அப்படி இல்லை. இடதும் வலதுமாக, வீங்கிய விரல்கள் ஜோடி ஜோடியாய் வந்து டோக்கன் கேட்டன.

"காலையில பத்து மணி வரைக்கும் மடங்க மாட்டேங்குதுங்க தம்பி," என்றார் சூசை. "ரெண்டு மாசமா எண்ணெய் தேச்சே ஓட்டிட்டேன். மாவு வீச முடியலைன்னா முதலாளி வேற ஆளைப் பாத்திருவாரு."

விரல்கள் உள்ளே போயின. கூடவே அவற்றின் காவல்காரனும் போனான். தடித்த மீசை, கையில் கம்பு. காய்ச்சல் வந்தால் அடித்து விரட்டுகிறவன்; எல்லா உடம்புக்கும் ஒருவன் உண்டு.

சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார்.

"சூசை, உங்க விரலை அடிக்கிறது வெளியாள் இல்ல. உங்க காவல்காரன்தான்."

"நல்லவனாச்சேம்மா! ஒரு நாள் லீவு போட்டதில்லையே."

"அதான் சிக்கல். விரலையே திருடன்னு நினைச்சுட்டான்."

"அப்ப ஆளை நிறுத்திருங்க."

"நிறுத்திட்டா அடுத்த சளிக்கு யாரு கதவைச் சாத்துவா? வலியை நான் குறைப்பேன், அடி நிக்காது. கம்பை எவ்வளவு இறக்கணும்னு திருநெல்வேலி மூட்டு டாக்டருக்குத்தான் தெரியும். காவல்காரங்ககிட்டப் பேசுறதே அவருக்கு வேலை. விரல் கோணிட்டா அப்புறம் நிமிராது. இந்த வாரமே போங்க."

கடிதம் எழுதி உறையில் போட்டு நீட்டினார். பொறுப்பானவன் என்பதால், விரல்களோடு வெளியே வந்த காவல்காரனே அதை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினான்.

நாலு மாதம் கழித்து சூசை திரும்ப வந்தார். விரல்கள் உள்ளே போயிருந்தன. காவல்காரன் கம்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"திருநெல்வேலி டாக்டர் கொடுத்த மாத்திரையை விடலையே?" என்று கேட்டேன்.

"எங்க விட? வாரத்துக்கு ஒரு நாள்தான் மாத்திரை. வாராவாரம் அவன்தான் ஞாபகப்படுத்துறான்."

விரல்கள் வெளியே வந்தன. சூசை கையை மடக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் கொஞ்சம் முணுமுணுத்தது. மற்றவை முழுதாக மடங்கின.

"நேத்து நூத்திருபது வீசினேன் தம்பி."

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. அதன் முன்சக்கரம் மட்டும் இறங்கி, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனது. டிரைவர் பெஞ்சில் இடம் தேடினார். சூசை எழுந்து இடம் கொடுத்துவிட்டு, சாயங்கால மாவைப் பிசையக் கடையைப் பார்த்து நடந்தார்.