வாய் திறக்காத கோமாளி

தமிழரசியின் அண்ணன் ராஜா துபாயில் இருப்பதாகத்தான் அவளுடைய புகுந்த வீடு இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறது. துபாயாவது மண்ணாங்கட்டியாவது. அவன் புனே எல்லையைத் தாண்டியதே இல்லை. ஆளந்தி சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு மனநலக் காப்பகம் இருக்கிறது. அதில் ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறான்.

இந்தத் துபாயைக் கட்டியவர் அவர்களுடைய அப்பா கந்தசாமி. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் காலம் முழுக்க உழைத்த மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். ராஜா சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். லேத் தன்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறது என்று ஒருநாள் சொன்னான். மறுநாள் சுத்தியலால் அதை அடித்து நொறுக்கிவிட்டான். அவனைக் காப்பகத்தில் சேர்த்த அதே வருடம் தமிழரசிக்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் வீட்டிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை ரவிசந்திரன் வங்கி அதிகாரி, ஔந்தில் சொந்த ஃப்ளாட். நல்ல இடம் கை நழுவிப் போய்விடுமே என்று கந்தசாமி வாய் கூசாமல் சொன்னார், "பையன் துபாய்ல கீறான்." கல்யாணம் நடந்தது. பிறகு அப்பா போனார், அம்மாவும் போனாள். பொய்யை அவிழ்க்க வேண்டியவர்கள் போய்ச் சேர்ந்துவிட, முடிச்சு தமிழரசியின் கழுத்தில் நின்றது.

புருஷனிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். எதிர் ஃப்ளாட் மருமகளின் பிறந்த வீட்டில் யாருக்கோ புத்தி பேதலித்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று, மாமியார் விசாலம் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்த மாதிரி வீட்டுல பொண்ணு எடுத்தா வம்சத்துக்கே வருமுங்க கண்ணு, விசாரிக்காம பண்ணீட்டாங்க பாவம்" என்றாள். ரவிசந்திரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏமாத்திக் கட்டி வச்சிருப்பாங்கம்மா" என்றான். அவர்களுடைய மகள் ரீனா அப்போது கூடத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தமிழரசி அன்றைக்குப் பூட்டிய வாய்தான்.

திருட்டுத்தனமாகத்தான் அண்ணனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். போனால் அவன் கேட்பது ஒன்றே ஒன்று. "எப்ப கூட்டினு போவ தமிழு?" இவளும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "அடுத்த மாசம்ணா." அவ்வளவுதான், இவள் தலை மறைந்ததும் அவன் ரெக்ஸின் பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு கேட்டருகே போய் உட்கார்ந்துவிடுவான். மாசம் போகும், கூட்டிப் போக ஆள் வராது. சாப்பாட்டைத் தொட மாட்டான். கடைசியில் வார்டு நர்ஸ் ஷீலா, புனே கேம்ப் பகுதித் தமிழ்ப் பெண், இவளை வராந்தாவில் நிறுத்திக் கேட்டுவிட்டாள்.

"டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா இல்லையா? மாத்திரை போட்டா அவர் நல்லா இருக்கார். இங்க இருக்கவே வேணாம். கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். ஒண்ணு கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா வராதீங்க. ரெண்டுங்கெட்டானா வந்து அவரைச் சாகடிக்காதீங்க."

தமிழரசி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அப்பா செத்ததைச் சொன்னவள், பெற்ற தாய் செத்த சேதியை அவனுக்குச் சொல்லாமலே போவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் நினைப்பு வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

அன்று ஷீலாவிடம் திட்டு வாங்கித் திரும்பும்போது, காப்பக முற்றத்தில் கோமாளிகள் சிலர் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், சிவப்பு மூக்கு, நார்த் தலைமுடி. பெற்றவளே வந்தாலும் அடையாளம் தெரியாது. அது அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு வருடம் தாக்குப் பிடித்தாள். பிறகு விசாரித்துக்கொண்டு, அந்தக் குழுவை நடத்தும் ஆண்டனி மாஸ்டரிடம் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் டான்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக இந்த வேலை. வீட்டில் சமூக சேவை என்று சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய்யில்லைதான்.

மாஸ்டருக்கு ஒரே சட்டம். "கோமாளி பேசக் கூடாதும்மா. அங்க மராட்டி, இந்தி, தெலுங்கு, எல்லாம் கலந்து கிடக்கு. நீ ஒரு பாஷை பேசினா மத்தவங்களுக்கு அந்நியமாயிடுவ. வாய் திறந்தா கோமாளி செத்தான்." அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பழைய ஆட்டோ ரிக்ஷா ஹாரன், ரப்பர் உருண்டை வைத்தது, இடுப்பில் தொங்கும். ஒரு தடவை அழுத்தினால் ஆமாம். இரண்டு தடவை என்றால் இல்லை. வார்டில் எல்லோருக்கும் அது அத்துப்படி. மழை வருமா, இன்றைக்கு சப்பாத்தியா சோறா, எனக்குக் கல்யாணம் ஆகுமா என்று என்னென்னவோ கேட்பார்கள். இல்லை என்று ஹாரன் இரண்டு தடவை கத்தினால் அவர்களுக்கு ஏக சிரிப்பு.

முதல் ஞாயிறு ராஜாவின் கட்டிலருகே போனாள். நரைத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கூடையிலிருந்து வாழைப்பழம் எடுத்து உரித்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்து, "வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்றான். அவள் ஒரு தடவை அழுத்தினாள். ராஜா சிரித்தான். சின்ன வயதில் கட்கி குவார்ட்டர்ஸ் குழாயடியில் சிரித்த அதே சிரிப்பு. தமிழரசிக்குச் சாயத்துக்குள்ளேயே கண்ணீர் இறங்கியது.

அதன் பிறகு ஞாயிறு எப்போது வரும் என்று கிடந்தாள். அவன் சாப்பிடுகிறான், பையை எடுப்பதில்லை, கேட்டருகே போவதில்லை என்று ஷீலா மாஸ்டரிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டாள். மனம் குளிர்ந்துபோனது. இப்படியே இருந்துவிட்டால் என்ன? அவனும் சிரிக்கிறான், ஔந்திலும் யாருக்கும் தெரியாது. டாக்டர் சொன்னதை வசதியாக மறந்துவிட்டாள், அசடு. முகத்தில் வெள்ளையடித்தால் உள்ளே இருப்பதும் வெளுத்துவிடுமா?

மழைக்காலம் முடிகிற சமயம். ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டில் லூர்துசாமியை அவருடைய மகன் வந்து வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். பெரியவருடைய மூட்டையைக் கட்டிக் கொடுத்ததே ராஜாதானாம். அந்த ஞாயிறு தமிழரசி வார்டுக்குள் நுழைந்தபோது, பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. ராஜாவின் காலடியில் ரெக்ஸின் பை உப்பியிருந்தது.

"உக்காரு தமிழு" என்றான் ராஜா.

அவள் கை தானாக மூக்குக்குப் போனது.

"மூக்கப் புடிக்காத. நல்லாத்தான் ஒட்டிகினு கீது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மொத நாளே தெரியும். பழத்த உரிச்சி நுனியக் கிள்ளிப் போட்டுக் குடுத்தியே. நான் நுனி துன்ன மாட்டேன்னு இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும்? சொன்னா நீ வரமாட்டேன்னுதான் கம்முனு கெடந்தேன்."

தமிழரசி வாயைத் திறந்தாள். அவன் உள்ளங்கையை நீட்டித் தடுத்தான்.

"பேசாத. பேசினா பொய் சொல்லுவ. அடுத்த மாசம்னுவ. கோச்சிக்காத, உன் வாயி அப்படி." ஹாரனைக் காட்டினான். "இத்தால சொல்லு."

அவள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தாள். இடுப்பு ஹாரனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா உசுரோட கீதா?"

தமிழரசி இரண்டு தடவை அழுத்தினாள். வார்டில் யாரோ சிரித்தார்கள்.

ராஜா தலையை ஆட்டிக்கொண்டான். "நெனச்சேன். இருந்தா வந்திருக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான். "மச்சானுக்கு என்னப் பத்தித் தெரியுமா?"

இரண்டு தடவை.

"சரி. கடசியா ஒண்ணு." பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "என்னக் கூட்டினு போவியா? இப்பன்னு கேக்கல. ரெண்டு வருசம் ஆனாலும் சரி. ஹால்ல ஒரு மூலையில படுத்துக்கறேன். மாத்திரய நானே போட்டுக்குவேன். என்னிக்காச்சும் கூட்டினு போவியா?"

ஔந்து ஃப்ளாட்டின் கூடம் அவள் கண் முன்னால் வந்தது. விசாலம் கீரை ஆய்கிற இடம், ரவிசந்திரனின் பேப்பர், ரீனாவின் புத்தகங்கள். எந்த மூலையும் காலியாக இல்லை. ஒரு மூலையைக் காலி செய்ய வாயைத் திறக்க வேண்டும், அந்த வீட்டில், அவர்கள் முன்னால். முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கே அது அந்த நிமிடம்தான் தெரிந்தது. இத்தனை நாள் அடுத்த மாசம் என்றது அவனிடம் மட்டும் சொன்ன பொய்யில்லை.

அவள் அழுத்தினாள்.

ஒரு சத்தம். ராஜாவின் முகம் அப்படியே மலர்ந்தது. பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்துகொள்ளக்கூடப் பார்த்தான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடியும் கேட்டருகே உட்காருவான், மறுபடியும் சாப்பிட மாட்டான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் இரண்டாம் தடவை அழுத்தினாள்.

வார்டு முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. அவர்களுக்கு என்ன தெரியும், கோமாளி இல்லை என்று சொன்னால் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் மராட்டியில் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார். வாசலில் நின்ற ஆண்டனி மாஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

ராஜா பையைத் திறந்தான். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலருகே இருந்த சின்ன அலமாரியில் அடுக்கினான். காலிப் பையை மடித்து, துடைக்க வருகிற ஆயாவுக்குக் கொடுப்பதற்காகக் கதவோரம் வைத்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

என்ன செய்வதென்று தெரியாமல் தமிழரசி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தாள். விரல் பழக்கத்தில் நுனிக்குப் போனது.

"கிள்ளாத" என்றான் ராஜா. "அப்படியே குடு. இனிமே பழகிக்கறேன்."

வாங்கி, நுனியிலிருந்து தின்ன ஆரம்பித்தான்.